தேரு நகரும்வே, காரு நகராது

என் அக்கா மவன் திருநெல்வேலி டவுனுல, தெக்கு ரத வீதியில ஜவுளிக்கடை வச்சிருக்காரு. போன வாரம் மானூர்லருந்து ஒரு வேட்டி எடுக்கப் போனேன். கடைப்படியில கால் வைக்கல, மனுசன் ஒரு தாளை நீட்டிட்டாரு.

"மாமா, டவுனுல யாவாரம் படுத்துட்டு. வண்டி நிப்பாட்ட எடம் இல்லாம சனம் வர மாட்டேங்கு. கடைக்காரவ எல்லாரும் சேந்து மனு எழுதியிருக்கோம். நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

"போடுதேன் மருமவனே. மொதல்ல ஒரு செம்பு தண்ணி குடும். ஆர்ச்சுலருந்து நடந்து வாரேன்."

"ஏன், பஸ்ஸு கெடைக்கலயா?"

"கெடைச்சுது. அதுல ஏறித்தான் வந்தேன். அது பின்னால வருது."

அவருக்கு வெளங்கல. வெளக்கிச் சொன்னேன். ஜங்ஷன்ல ஏறின டவுன் பஸ்ஸு ஆர்ச்சுகிட்ட வந்து மூச்ச விட்டுட்டு நின்னுட்டு. முன்னால ஒரு காரு, அதுக்கு முன்னால ஒரு ஷேர் ஆட்டோ, அதுக்கும் முன்னால சரக்கு எறக்குத ஒரு வேனு. டிரைவரு எஞ்சினை அமத்திட்டாரு. கண்டக்டரு எறங்கிப் போயி டீ குடிச்சிட்டு வந்துட்டாரு. நானும் எறங்கி நடந்தேன். வாகையடி முக்குல வெத்தலை வாங்கி, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடிச்சு வாயில போட்டுத் திரும்பிப் பாக்கேன், பஸ்ஸு கண்ணுலயே படல. அது புதுசா விட்ட பஸ்ஸு மருமவனே. நான் 75 வருசத்துப் பழைய மாடலு.

சரி, ரோட்டுலதான் வண்டி, பிளாட்பாரத்துல ஏறி நடப்போம்னு ஒரு ஆசை வந்துச்சு. ஏறினேன். ஒரு கடை வாசல்ல அண்டா குண்டா அடுக்கியிருக்கு. எறங்கினேன். மறுபடி ஏறினேன். ரெண்டு மோட்டார் சைக்கிள் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கி. எறங்கினேன். இன்னொரு தரம் ஏறினா, சேலை கட்டின பொம்மை ஒண்ணு நிக்கி, நம்ம கடைப் பொம்மைதான். கையி ரெண்டையும் நீட்டிக்கிட்டு, "கெழவா, எங்க வார?"ன்னு கேக்குத மாதிரி இருந்துச்சு. அதுக்கு நடக்கத் தெரியாது, ஆனா பிளாட்பாரத்துல நிக்கப் பாத்தியதை இருக்கு. எனக்கு நடக்கத் தெரியும், எடந்தான் இல்ல. ஆர்ச்சுலருந்து ஒம்ம கடைக்கு வரதுக்குள்ள நான் ஏறி எறங்கின படிக்கு, பழனி மலை ஏறியிருந்தா புண்ணியமாவது கெடைச்சிருக்கும்.

தண்ணி வந்துச்சு. குடிச்சிட்டு மனுவைப் படிச்சேன். 'ரத வீதிகளில் வாகனங்கள் நிறுத்தப் போதிய இடவசதி'ன்னு நல்ல தமிழ்ல எழுதியிருக்காவ.

"ஆமா மருமவனே, இந்தத் தெருவுக்கு ரத வீதின்னு ஏன்வே பேரு?"

"தேரு ஓடுதுல்லா, அதான்."

"தேரு எவ்வளவு பெருசு?"

"என்ன மாமா, நீங்க பாக்காத தேரா?"

பாத்திருக்கேன்வே. அதான் கேக்கேன். ஆனி மாசம் அஞ்சு தேரு ஓடுது. நெல்லையப்பர் தேரு கோபுரம் மாதிரி அசைஞ்சு வரும். இன்னைக்கும் சனம் கையாலதான் வடம் புடிச்சு இழுக்கு. இம்புட்டுப் பெரிய தேரு நாலு முக்கு திரும்பி நிலைக்கு வந்து சேருதுல்லா? அன்னைக்கு எப்படித் தெரு அகலமாச்சு? ராத்திரியோட ராத்திரியா கட்டடத்தை எல்லாம் ரெண்டு அடி பின்னால தள்ளி வைக்கீங்களா? இல்ல. வண்டிய எடுத்தீரு. பொம்மையை உள்ள தூக்கி வச்சீரு. வாசல்ல நீட்டியிருந்த தகரத்தைக் கழத்தினீரு. அம்புட்டுதான், தெரு வந்துட்டு. தெரு எங்கயும் போவலவே. உம்ம வண்டிக்கு அடியிலதான் கெடக்கு.

2024-ல பாத்தீருல்லா, தேரோட்டத்துல வடம் அறுந்து அறுந்து நின்னுச்சு. புது வடம் கொண்டாந்து மாட்டினாவ. வடம் அறுந்துச்சே தவுத்து, வழிய ஒருத்தரும் அடைக்கல. சாமி தேருன்னா வழி விடுதோம். அந்தத் தேரைப் பாக்க வந்த பாட்டி மறுநாள் பூ வாங்க வந்தா, அவளுக்கு வழி இல்ல. தேருக்கு முட்டுக்கட்டை போடுதவனைப் பாத்திருக்கீருல்லா? எங்க நிப்பாட்டணும், எங்க திருப்பணும்னு அவனுக்குத் தெரியும். சக்கரம் நகரதுக்காகத்தான் அவன் கட்டையப் போடுதான். தெருவுக்கு முட்டுக்கட்டை போடுதவனுக்குப் போடத்தான் தெரியும், எடுக்கத் தெரியாது.

மருமவன் மொகம் கொஞ்சம் சுருங்கிட்டு. "மாமா, அது வருசத்துல ஒரு நாளு. மத்த நாளு யாவாரம் பாக்க வேண்டாமா? எடம் இருந்தாத்தான் காருல வாரவ வருவாவ."

எடத்தைப் பத்திப் பேசினா எனக்கு சந்தோசம். நான் சம்சாரி. நமக்குக் கணக்கு சென்ட்டுலயும் ஏக்கர்லயும்தான். ஒரு காரு நிக்கதுக்கு எட்டடி அகலம், பதினாறு அடி நீளம் வேணும். மூணு காரு நின்னா, கதவு தொறக்க எடத்தோட, ஒரு சென்ட் போச்சு. ரத வீதியில ஒரு சென்ட் என்ன வெல போவுது மருமவனே? சொல்ல மாட்டீரு, வருமான வரிக்காரன் காதுல விழுந்துரும். நீரு கடைக்கு வாடகை குடுக்கீரு. வாசல்ல பூக்கட்டுதவ கூடைக்கு இம்புட்டுன்னு எவனுக்கோ குடுக்கா. கோயில் வாசல்ல செருப்புக்குக் கூட டோக்கன் இருக்கு. இந்தத் தெருவுலயே ஓசியில குடியிருக்கது காரு மட்டுந்தான். அதுக்கு இன்னும் எடம் வேணும்னு மனு வேற.

"காரு வந்தாத்தான் மாமா துட்டு வரும்" ன்னு ஒரே புடியா நின்னாரு.

சரி, எண்ணிப் பாத்துருவோம்னு வாசப்படியில உக்காந்துட்டேன். எனக்குக் கணக்கு நோட்டு தெரியாது. வலது பையில வறுத்த கடலை நெறைய இருந்துச்சு. விதி இதுதான்: நடந்தோ பஸ்ஸுலயோ வந்த ஆளு நம்ம கடைக்குள்ள நொழைஞ்சா ஒரு கடலை இடது பைக்கு. மோட்டார் சைக்கிள்ல வந்தா மடிக்கு. காருல வந்தா வாய்க்கு. காருலதான் சனம் வருதுன்னா, இன்னைக்கு நமக்கு மத்தியானச் சாப்பாடு கடலைதான்னு நெனச்சுக்கிட்டேன்.

ஒரு மணி வரைக்கும் எண்ணினேன். இடது பை பொடச்சுக்கிட்டு நிக்கி. மடியில ஒரு கைப்பிடி. வாய்க்குப் போனது ரெண்டே கடலை. அந்த ரெண்டுலயும் ஒருத்தரு, ஜங்ஷனுக்கு எப்படிப் போகணும்னு வழி கேக்க உள்ள வந்தவரு. காரை நம்பியிருந்தா நான் அன்னைக்குப் பட்டினி.

அதோட முடியல. வாசல்ல நின்ன வண்டியையும் பாத்தேன். காலையில ஒம்பது மணிக்கு வந்து நின்ன காரு ஒண்ணு அசையவே இல்ல. யாரு காருன்னு கேட்டேன். கடைப்பையன் சிரிச்சான். மருமவன் கூரையப் பாத்தாரு. பக்கத்துல ஒரு ஸ்கூட்டரு, கணக்குப்பிள்ளை வண்டி. அதுக்கு அடுத்து மூணு மோட்டார் சைக்கிள், சேலை எடுத்துப் போடுத பையன்மாரு வண்டி. அந்தப் பக்கம் நின்னது பக்கத்துக் கடை முதலாளி காரு. அவரும் மனுவுல கையெழுத்துப் போட்டிருக்காரு, மொதக் கையெழுத்தே அவருதான். வாடிக்கைக்காரவுகளுக்கு எடம் இல்லன்னு அழுதவுகளே, வாடிக்கைக்காரவுக எடத்துல வண்டிய விட்டுட்டு வந்து அழுதாவ. கல்லாப்பெட்டி மூடி மேல உக்காந்துக்கிட்டு, துட்டு உள்ள விழலன்னா எப்படிவே விழும்?

"சரி, இருட்டுக்கடை அல்வாக் கடை எங்கவே இருக்கு?" ன்னு கேட்டேன்.

"கீழ ரத வீதியில, கோயிலுக்கு எதுத்தாப்புல."

"கடைக்குப் பேர்ப்பலகை உண்டா?"

"கெடையாது."

"வண்டி நிப்பாட்ட எடம்?"

"அதுவும் கெடையாது."

சாயந்தரந்தான் கடை தொறக்கான். சனம் வரிசை கட்டி நிக்கி. மெட்ராசுலருந்து வந்தவனும் வண்டிய எங்கயோ விட்டுட்டு நடந்து வந்துதான் நிக்கான். கொஞ்ச நேரத்துல வித்துத் தீந்துருது. பார்க்கிங் இல்லன்னு என்னைக்காவது அல்வா விக்காமக் கெடந்துச்சா? சரக்கு நல்லா இருந்தா சனம் நடந்து வரும்வே. சரக்குல கொறை இருந்தா, கடைக்குள்ளயே காரை விட்டாலும் எறங்க மாட்டான்.

இது நான் மட்டும் சொல்லுத கதையில்ல. என் பேரன் அமெரிக்காவுல இருக்கான். வண்டி நிப்பாட்டுததைப் பத்தியே ஆயுசு முழுக்கப் படிச்ச வாத்தியாரு ஒருத்தரு அங்க இருந்தாராம், டொனால்டு ஷூப்னு பேரு. லாஸ் ஏஞ்சல்ஸ்ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தினவரு. 2005-ல தலகாணி மொத்தத்துல ஒரு புத்தகம் போட்டாரு. ஓசியில வண்டி நிக்க விட்டா, அதுக்கு வெலையை ஊரே குடுக்கணும்ங்கதுதான் புத்தகத்தோட சாரம். காரு ஓடுத நேரம் கொஞ்சம், நிக்க நேரந்தான் சாஸ்தின்னும் எழுதினாரு. 2025-ல காலமாயிட்டாரு. இவ்வளவு காரு ஆராய்ச்சி பண்ணின மனுசன் பல்கலைக்கழகத்துக்கு எதுல போவாராம் தெரியுமா? சைக்கிள்ல.

அவரு சொன்ன வைத்தியம் ரெண்டு வரிதான். ஒண்ணு, தெருவுக்கு ஒண்ணு ரெண்டு எடம் எப்பவும் காலியாக் கெடக்க அளவுக்கு நிப்பாட்டுக் காசு வையி. கூட்டம் கூடுத நேரம் கூட்டு, கொறையுத நேரம் கொறை. ரெண்டு, வசூலான துட்டை அந்தத் தெருவுக்கே செலவழி. அங்கன பாசடீனான்னு ஒரு ஊரு. பழைய கடைவீதி பாழடைஞ்சு கெடந்துச்சு. மீட்டர் வைக்கோம்னு நகராட்சிக்காரவ சொன்னதும், வாடிக்கை ஓடிப் போயிரும்னு கடைக்காரவ மறிச்சாவ. வசூலை உங்க தெருவுக்கே தாரோம்னு சொன்ன பெறவு சரின்னுட்டாவ. 1993-ல மீட்டர் வந்துச்சு. அந்தத் துட்டுல பிளாட்பாரம் போட்டு, மரம் நட்டு, பெஞ்சு போட்டு, தெருவைக் கூட்டினாவ. கடைவீதிக்கு உசுரு வந்துட்டு.

இதைக் கேட்டு நான் பேரன்கிட்ட சிரிச்சேன். "ஏலே, இதுக்கா கப்பல் ஏறிப் போன? இதுக்குப் பேரு மகமைலே"ன்னேன். நம்ம தெக்கத்தி யாவாரிமாரு மூட்டைக்கு இம்புட்டுன்னு மகமை புடிச்சு, பள்ளிக்கூடம் கட்டி, கோயில் கட்டி, ஊரையே நிமித்தின வமிசம். மூட்டைக்கு மகமை குடுத்தவன் பேரன் வண்டிக்கு மகமை குடுக்க மாட்டேங்கான். பார்க்கிங் மகமைன்னு பேரு வச்சிருந்தா, மருமவனே, நீருதான் மொத ரசீதைக் கிழிச்சிருப்பீரு.

மருமவன் கொஞ்சம் எறங்கி வந்தாரு. "சரி மாமா, என்னதான் செய்யச் சொல்லுதீங்க?"

கெழவனை யோசனை கேட்டா வெரசா எந்திரிக்க முடியாது. உக்காரும்.

மொத யோசனை ஓசி. நாளையிலருந்து உம்ம காரை வீட்டுல விடும். மனசு கேக்கலன்னா ரத வீதிக்கு வெளிய எங்கயாவது நிப்பாட்டிட்டு நடந்து வாரும். பையன்மாரு வண்டியும் அப்படித்தான். கடைக்காரவ எல்லாரும் இதைச் செஞ்சா ஒரு பைசா செலவில்லாம தெருவுல பாதி எடம் காலி. மனு எழுதின தாளு மிச்சம்.

ரெண்டாவது, சரக்கு வேனு. நயினார்குளம் மார்க்கெட்டுல காய்கறி லோடு எப்ப எறங்குது? ஊரு தூங்கையில. நேரந்தான் காசுன்னு கத்தரிக்கா விக்கவனுக்குத் தெரிஞ்சிருக்கு, பட்டுச்சேலை விக்க உமக்குத் தெரியலயே. பகல் பதினோரு மணிக்கு நடு ரோட்டுல வேனை நிப்பாட்டி மூட்டை எறக்கினா, அன்னைக்கு அந்தத் தெருவுல விக்கது வேர்வை மட்டுந்தான்.

மூணாவது, பிளாட்பாரம். இந்திய சாலைக் காங்கிரஸ்னு ஒண்ணு இருக்கு. கொடியப் பாக்காதீரும், கட்சியில்ல. ரோடு போடுத எஞ்சினியர்மாருக்கு விதி எழுதுத சபை. நடக்கவனுக்குத் தடை இல்லாம 1.8 மீட்டராவது அகலம் வேணும், பிளாட்பாரம் 15 சென்டிமீட்டருக்கு மேல ஒசரக் கூடாதுன்னு 2012-லயே எழுதி வச்சிருக்காவ. 1.8 மீட்டர்னா ஆறடி. செத்தா எல்லாருக்கும் ஆறடி கெடைக்கும்னு ஊரெல்லாம் தத்துவம் பேசுதோம். அந்த ஆறடிய உசுரோட இருக்கையிலேயே நடக்கக் குடுத்தா என்னவே? ஒசரமும் அப்படித்தான். கடைக்குக் கடை ஒரு ஒசரம், நடுவுல ஒரு சறுக்கு, மூடியில்லாத ஒரு குழி. அதுல ஏற என் முழங்காலு போதாது. சக்கர நாக்காலியில வாரவன் என்ன செய்வான்? பொம்மையை மட்டும் கொண்டாந்து நிப்பாட்டுவீரு. அது ஏறாது, எறங்காது, விழாது.

பூக்காரி, கொய்யாப்பழக்காரன், இவங்களை வெரட்டினா பிளாட்பாரம் வந்துரும்னு கனவு காணாதீரும். பூ வாங்க வாரவதான் உம்ம கடையில ரவிக்கைத்துணி எடுக்கா. 2014-ல அவங்களுக்குன்னு சட்டமே வந்தாச்சு. கோடு போட்டு, இது நடக்க, இது விக்கன்னு பிரிச்சுக் குடுத்தா அவ கூடையை ஒரு அடி கூட நகத்த மாட்டா. கோட்டைத் தாண்டி வாரது என்னைக்கும் பெரிய கடைதான்.

நாலாவது, பஸ்ஸு. இந்த ஊருல பஸ் ஸ்டாப்புல பஸ்ஸைத் தவுத்து எல்லாம் நிக்கி. ஷேர் ஆட்டோ நிக்கி, ஜூஸ் வண்டி நிக்கி, கலியாண ஃபிளக்ஸ் நிக்கி. பஸ்ஸு பாவம், நடு ரோட்டுல நின்னு ஆளை எறக்குது. எறங்கினவன் நாலு மோட்டார் சைக்கிளுக்குத் தப்பிச்சு கரை சேந்தா மறுபிறவி. அம்பது பேரை ஏத்திட்டு வார வண்டி, ஒத்த ஆளு உக்காந்து வார காருக்குப் பின்னால நின்னு கெஞ்சுது. அம்பது பேரும் காருல வந்திருந்தா ஆர்ச்சையும் தாண்டி வரிசை நிக்கும். அப்ப நீரு மனு எழுத மாட்டீரு, உயில் எழுதுவீரு.

2021 மே மாசத்துலருந்து சாதாரண டவுன் பஸ்ஸுல பொம்பளையாளுக்கு டிக்கெட்டுக்குத் துட்டு கெடையாது. எங்க வீட்டு ஆச்சி முன்னால எல்லாம் தீவாளிக்கும் பொங்கலுக்குந்தான் டவுனைப் பாப்பா. இப்ப ஊருக்கு டவுன் பஸ்ஸு வந்தாப் போதும், ஏறிருதா. நான் துட்டுக் குடுத்து ஏறுதேன், அவ ஓசியில ஏறி எனக்கும் சேத்து எடம் போட்டு வைக்கா. கையில மிச்சமான டிக்கெட் துட்டு எங்க போவுது? உம்ம கடையிலயும் பாத்திரக் கடையிலயுந்தான். உம்ம வாடிக்கை அந்தப் பஸ்ஸுலதான்வே வருது. அது ஆர்ச்சுல நின்னா உம்ம கல்லாவும் அங்கனதான் நிக்கி.

அஞ்சாவது, சைக்கிளு. பிளஸ் ஒன் படிக்க புள்ளைகளுக்கு அரசாங்கம் வருசா வருசம் சைக்கிள் குடுக்கு. நல்ல காரியம். ஓட்டதுக்கு ரோட்டுல ஒரு முழம் எடம் குடுக்கலாம்லா? கன்னுக்குட்டிய வாங்கிக் குடுத்துட்டு மேய்ச்ச நெலத்தை வித்த கதை. ஒரு காரு நிக்க எடத்துல பத்து சைக்கிள் நிக்கும். முன்னால எல்லாம் சினிமா கொட்டகை வாசல்ல சைக்கிள் ஸ்டாண்டு இருக்கும், டோக்கன் போடுவான், வெயில் படாம ஓலைக் கூரை இருக்கும். அப்படி ஒண்ணு முக்குக்கு முக்கு வையுங்க. நீருதான் சைக்கிள் ஓட்டுதீரே மருமவனே, ஏதோ ஜிம்முல. மாசா மாசம் துட்டுக் கட்டி, நகராத சைக்கிளை மிதிக்கீரு. அங்க போறதுக்கு நகராத காரை எடுக்கீரு. ஒரு எடத்துக்கும் போவாமயே இம்புட்டுச் செலவு பண்ணுத ஆளை நான் உம்ம ஒருத்தரைத்தான் பாத்திருக்கேன்.

இந்த யோசனை ஒண்ணும் இந்த ஊருக்குப் புதுசு இல்ல. ஜங்ஷன்ல ரயில் ரோட்டுக்கு மேல ஈரடுக்குப் பாலம் இருக்குல்லா? 1970-கள்ல கட்டினது. மேல பஸ்ஸும் லாரியும், கீழ சின்ன வண்டியும் சைக்கிளும் நடையும். பஸ்ஸு லாரி தொந்தரவு இல்லாம நடக்கவன் போக ஒரு அடுக்கே கட்டிக் குடுத்த ஊருவே இது. இப்ப அவனுக்கு ஒரு ஓரம் கூட இல்லங்கோம்.

அதுக்கும் முன்னால போவோம். கொக்கிரகுளத்துல தாமிரபரணி மேல நிக்கே பாலம், 1843-ல வந்தது. அதுக்கு முன்ன எல்லாம் ஆத்தைத் தாண்ட தோணிதான். சுலோசன முதலியாருன்னு கலெக்டர் ஆபீசுல சிரஸ்தாரு. சனம் படுத பாட்டைப் பாத்து, சொந்தத் துட்டைப் போட்டுப் பாலம் கட்டினாரு. இன்னைக்கும் அது அவரு பேருலதான் நிக்கி. அவரு ஆத்தையே தாண்ட வச்சாரு. உம்மகிட்ட நான் ஒரு பைசா கேக்கல. கடைக்கு முன்னால ஆறடி, அதுவும் உம்ம சொத்து இல்ல, ஊரு சொத்து. அதைத் திருப்பிக் குடும்னு கேட்டா நெஞ்சு வலிக்கு.

மருமவன் லேசுல விடுத ஆளில்ல. யாவாரியாச்சே. "வயசானவுக, புள்ளத்தாச்சி, கால் முடியாதவுக எல்லாம் என்ன செய்வாவ?"

நல்ல கேள்விதான். வயசானவன் நான் கேக்க வேண்டிய கேள்வி, நீரு கேக்கீரு. அவங்களை வாசல்ல எறக்கி விட்டுட்டு வண்டி போவட்டும். தெருவுக்கு ரெண்டு எடம் அவங்களுக்குன்னே ஒதுக்கும். இப்பவும் அவங்களுக்கு எடம் இல்லயே, உம்ம காருல்லா நிக்கி. பழனியில 2024-ல கோர்ட்டு உத்தரவு போட்டு, மலையைச் சுத்தின கிரிவீதியில வண்டி வரக் கூடாதுன்னுட்டாவ. நடக்க முடியாத சனத்துக்கு கோயில் சார்புல துட்டு வாங்காம வண்டி விட்டாவ. முருகன் கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போவல. மதுரையில மீனாட்சி கோயிலைச் சுத்தி சித்திரை வீதியில காரு கெடையாது. அங்க யாவாரம் நடக்கலயா? மெட்ராசுல பாண்டி பஜார்ல 2019-ல ரோட்டைச் சுருக்கி நடைபாதையை அகலமாக்கினாவ. எங்க மவ கூட்டிட்டுப் போனா. பெஞ்சுல உக்காந்து ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். அந்த ஒரு மணி நேரத்துல அவ மூணு கடைக்குப் போயிட்டு வந்துட்டா. பெஞ்சு போட்டது எனக்கு, துட்டுப் போனது என் பையிலருந்து. யாவாரிக்கு இந்தச் சூட்சுமம் தெரிய வேண்டாமா?

"வெயிலு மாமா, திருநெல்வேலி வெயிலு."

மழையில நெல்லு நனையாம வேலி கட்டிக் காத்த சாமி ஊருவே இது. அதனாலதான் நெல்வேலின்னே பேரு. நெல்லுக்கு வேலி கட்டின ஊருல, சனத்துக்கு ஒரு பந்தல் போட ஆளில்லயா? நாலு வேப்பமரம் நடும். முக்குக்கு முக்கு ஒரு பானைத் தண்ணி வையும். பொம்பளையாளு கூசாமப் போயிட்டு வர ஒரு கக்கூசு, அதுக்கு ஒரு தாப்பா. இதெல்லாம் இருந்தா சனம் நடக்கும். நடக்க சனம்தான் கடையைப் பாக்கும். காருல போறவன் முன்னால போற காரோட நம்பர் பிளேட்டைத்தான் பாப்பான். அதுல சேலை விக்காது.

டவுனுலருந்து பாளையங்கோட்டை எம்புட்டுத் தூரம்? ஏழெட்டு கிலோமீட்டருக்குள்ள. சின்ன ஊருக்கு இதுதான்வே வரம். 2011 கணக்குப்படி மாநகராட்சியில 4 லட்சத்து 73 ஆயிரம் சனம். மெட்ரோ ரயிலுக்கு ஏங்க வேண்டாம், பூமிக்கடியில தோண்ட வேண்டாம். நேரத்துக்கு ஒரு பஸ்ஸு, ஓரத்துல ஒரு சைக்கிள் பாதை, ஆறடிப் பிளாட்பாரம் இருந்தாலே காரியம் முடிஞ்சிரும். சின்ன ஊருல பெரிய ஊரு சீக்கை மட்டும் ஏன் வெல குடுத்து வாங்கணும்?

எங்க மானூருக்கு ஒரு கதை உண்டு. கருவூர் சித்தரு கோயில்ல வந்து நின்னு மூணு தரம் கூப்பிட்டாராம். நெல்லையப்பரு பதில் பேசல. சித்தரு கோவிச்சுக்கிட்டு மானூருக்கு வந்துட்டாரு. நெல்லையப்பரு மனசு கேக்காம அவரைத் தேடி மானூருக்கே வந்து காட்சி குடுத்தாரு. இன்னைக்கும் ஆவணி மூலத்துக்கு அதைக் கொண்டாடுதோம். இப்ப அந்தச் சித்தரு வந்து கூப்பிட்டா என்ன ஆவும்? சாமிக்குக் கேட்டிருக்காது, ஆரன் சத்தம். கேட்டு எறங்கி வந்தாலும் ரத வீதியத் தாண்டியிருக்க மாட்டாரு. சித்தரு மானூருல காத்துக் காத்து, "சரி, டிராபிக்குல மாட்டியிருப்பாரு"ன்னு மன்னிச்சு விட்டிருப்பாரு.

மருமவன் சிரிச்சிட்டாரு. சிரிச்சவரை மேக்கொண்டு திட்டக் கூடாது. வேட்டியைக் கட்டித் தந்தாரு. வெல கொறைக்கவே இல்ல, அதையும் சொல்லிப்புடுதேன். மனுவுல கையெழுத்துக் கேட்டாரு. 'வாகனங்கள் நிறுத்த'ன்னு இருந்ததை அடிச்சிட்டு, 'மனுசங்க நடக்க'ன்னு எழுதித் தாரும், கைநாட்டும் சேத்து வைக்கேன்னேன். தாளை மடிச்சு கல்லாவுல போட்டாரு. கிழிக்கல. அதுவே பெரிய விசயம்.

டவுன் யாவாரிமாரே, உங்ககிட்டயும் ஒண்ணு கேட்டுக்கிடுதேன். வாற ஆனியில தேரு ஓடும். அன்னைக்கு எப்படியும் வண்டியை எல்லாம் எடுத்துருவீங்க. தேரு நிலைக்கு வந்த மறுநாள் காலையில அவசரப்பட்டுத் திருப்பிக் கொண்டாராதீங்க. ஒரே ஒரு நாளு, உங்க காரை வீட்டுலயே விட்டுட்டு வாங்க. பொம்மை உள்ளயே நிக்கட்டும். கடை தொறக்க நேரத்துக்கு நான் மானூர்லருந்து வந்துருதேன், கடலை நான் கொண்டாரேன். சாயந்தரம் வரை உக்காந்து எண்ணிப் பாப்போம்.